நான் மிதிக்காத பிரேக்

அக்டோபர் 7, சனி

ஒரு வாரமாகக் காரின் முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம். காலையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் பேட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. நல்லவேளை, புதுசு வாங்கி வைத்திருக்கிறேன். ரெண்டு மணிக்கு என் மனைவி நொலீன் உல்வர்ஸ்டனுக்குக் கிளம்புவாள், தன் அக்காவைப் பார்க்க. அதற்குள் மாட்டிவிடலாம்.

மாலை ஐந்து மணி

நொலீன் காரைப் பின்னால் எடுத்தாள். வீட்டுச் சரிவில் நிற்காமல் இறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக்காரி பாமின் மரவேலியை உடைத்துக்கொண்டு போய் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பாம் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை தூரம்.

யாருக்கும் அடியில்லை. நொலீன் ஸ்டியரிங்கை விடவே மாட்டேன் என்கிறாள். "மிதிச்சேன் கிளைவ், மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன்!"

பக்கத்து வீட்டு மெர்வ் ஓடிவந்து, அவளை இறக்கிவிட்டு, தானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். "பெடல் கல்லு மாதிரி இருக்கேப்பா. நீ மாட்டின பிரேக்காச்சே, பிடிக்காமப் போகுமா? பதட்டத்துல பக்கத்துப் பெடலை மிதிச்சிருப்பாங்க, பாவம்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

இங்கேயாவது உண்மையை எழுது, கிளைவ்.

புது பேட் மாட்டும்போது, அதை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறோம். அது திரும்பி வந்து பேடைத் தொடும்வரை பெடலை நாலைந்து தடவை மிதிக்க வேண்டும். மிதிக்காமல் வண்டியை எடுத்தால் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். சொல்லிக்கொடுத்தது மட்டுமா, மறந்தவர்களைக் கிண்டல் செய்ததும் நான்தான்.

நேற்று கடைசி நட்டை முறுக்கி நிமிர்ந்தேன். மெர்வ் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "வேலை ஆச்சா? வா, ஒரு பீர் போடலாம்" என்றான். போனேன். அவ்வளவுதான் நடந்தது. சரிவில் இறங்கும்போது நொலீன் மிதித்த மிதியில்தான் பெடல் கல்லானது. மெர்வ் மிதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

காலையில் டோஸ்ட்டைத் தொடாமல் கேட்டாள்: "நெஜமாச் சொல்லு. நான் ஆக்ஸிலரேட்டரையா மிதிச்சேன்?"

"யாருக்கும் நடக்கிறதுதான், விடு" என்றேன்.

ச்சீ.

அக்டோபர் 11, புதன்

நான்தான் கார் ஓட்டினேன். உல்வர்ஸ்டனில் அவள் அக்கா இருக்கும் முதியோர் இல்லத்து வாசலில் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். முன்பெல்லாம் நொலீன் சாயங்காலம்வரை அக்கா பெரிலுக்குத் தலைவாரி, நகம் வெட்டி, ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டு வருவாள். இன்று முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். "உன்னைக் காக்க வெக்கிறது கஷ்டமா இருக்கு" என்றாள். என்னைக் காக்க வைப்பதாம்!

அக்டோபர் 15, ஞாயிறு

மெல்பர்னிலிருந்து மகள் ஜானெல் பேசினாள். "அப்பா, அம்மாவுக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. பாம் ஆன்ட்டி செத்திருந்தா? இனிமே ஓட்ட வேண்டாம்னு நீங்கதான் எடுத்துச் சொல்லணும், நீங்க சொன்னா கேப்பாங்க."

உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "பாக்கலாம்மா" என்றுதான் வந்தது. எதற்குப் பயப்படுகிறேன்? மெர்வ் சிரிப்பான் என்றா? நாற்பது வருஷமாக வேலை தெரிந்தவன் என்று பெயர் வாங்கியதைக் காப்பாற்றவா? அதற்கு நொலீனின் கால்மேல் பழி போடுவாயா? என்ன மனுஷன்டா நீ!

அக்டோபர் 20, வெள்ளி

பாமின் வேலியை நானே சரிசெய்து கொடுத்தேன். "எவ்வளவு நல்ல புருஷன்" என்றாள் பாம்.

அக்டோபர் 28, சனி

சமையலறையில் நொலீன் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பிரேக், ஆக்ஸிலரேட்டர், பிரேக். நான் வந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளாகவே அந்தக் கால் மரத்துப்போவதுபோல இருந்ததாம், இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறாளாம். இல்லாத வியாதியை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் படிவம் மேஜையில் இருந்தது. பெயர், முகவரி, காரணம். காரணத்தில் 'என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று எழுதியிருந்தாள். அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து.

உட்கார்ந்தேன். சொன்னேன். பிஸ்டன், பெடல், பீர், எல்லாம். ஒரே மூச்சில்.

தேநீர் ஆறிப்போனது. அப்புறம் கேட்டாள்: "என்னைக்குத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே."

"மெர்வ் மிதிச்சுப் பாத்தானே, அப்பவேவா?"

"அப்பவே."

"மூணு வாரமா பாம் முகத்தை நிமிர்ந்து பாக்கலடா நான். அவளைக் கொல்லப் பாத்தவ நான்னு நெனச்சேன். நீ எதிர்ல உக்காந்து முட்டையும் டோஸ்ட்டும் தின்னுக்கிட்டிருந்த!"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "எழுந்திரு. பாம்கிட்ட சொல்லு. மெர்வ்கிட்ட சொல்லு. ஜானெலுக்குப் போன் போடு. நான் பக்கத்துல நிப்பேன், ஒரு வார்த்தை மாத்திச் சொல்லக் கூடாது" என்றாள்.

மூன்று பேரிடமும் சொன்னேன். மெர்வ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

நவம்பர் 1, புதன்

படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். என்னோடு பேச்சில்லை.

நவம்பர் 4, சனி

பேச்சில்லை. படுக்கையைக் கடைசி அறைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் சொல்லி இல்லை, நானாகவே.

நவம்பர் 11, சனி

"சாவியக் குடு, நானே ஓட்டறேன்" என்றாள். மனசுக்குள் துள்ளினேன். கூட வரட்டுமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள், ஏறிக்கொண்டேன். காரை நன்றாகத்தான் பின்னால் எடுத்தாள். சரிவு தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். கண்ணாடியில் பாமின் புது வேலி தெரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"உன் தப்புதான்னு எனக்குத் தெரியுது கிளைவ்" என்றாள். "என் காலுக்குத் தெரியல."

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். இடம் மாறிக்கொண்டோம். உல்வர்ஸ்டன்வரை நான்தான் ஓட்டினேன். கடலோரச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, அவள் வலது காலால் வெறும் தரையை மிதித்துக்கொண்டு வந்தாள்.