ஒன்பதாம் மாதக் கட்டம்

ஹைதராபாத்

அன்பு ஷாசியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் குட்டி நஜியாவும் சுகம்தானே? உன் கழுத்து வலி தேவலையா? நான் நலம்.

தடுப்பூசி மருந்துக் குப்பிகளை விளக்கில் காட்டித் தூசி இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என் வேலை. நேற்று ஒரு குப்பியை மூன்று முறை பார்த்தேன். உடன் வேலை செய்யும் சிதம்பரத்துத் தங்கராசு, "ஒம் புள்ளைக்கே போடப்போற மாதிரி பாக்குறியே மச்சான்" என்று சிரித்தான்.

மாலையில் நீ போனில் அனுப்பிய நஜியாவின் தடுப்பூசி அட்டைப் படத்தைப் பார்த்தேன். போட்டாச்சு என்று நீ சொன்ன ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியின் கட்டம் காலியாக இருக்கிறது.

கோபமில்லை. போன ஊசியில் காய்ச்சல் வந்தபோது தனியாகத்தானே தவித்தாய். ஆனால் தட்டம்மை ஒரு வீட்டோடு நிற்காது. புதன்கிழமை அவளைப் புவனகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. அன்றைக்கு நான் இங்கே வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். காய்ச்சல் வந்தால் போனை அவள் பக்கத்தில் வை. தொட முடியாவிட்டாலும் பார்த்துக்கொண்டாவது இருக்கிறேன்.

ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது.

யாசர்