சிரிக்க மறுத்த அறுபத்திரண்டு பேர்

முஹர்ரம் பே பகுதி, அலெக்ஸாந்திரியா
ரமலான் பிறை இருபத்தாறு

அன்பு மகள் ரிஹாமுக்கு, அப்பா மஹ்ரூஸ் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அவள் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த ஏசிக் கட்டடங்களில் சளி பிடிக்காமல், வேளாவேளைக்கு நோன்பு திறந்து, சுகமாக இருக்க துஆ செய்கிறோம். ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் அனுப்பினால் ஏதாவது கூட்டத்தில் உட்கார்ந்தபடி ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுவாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. தர்வீஷின் மருமகன் நாளை துபாய்க்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கதவைச் சாத்திக்கொண்டு முழுசாகப் படி.

முதலில் பதவி உயர்வுக்கு வாழ்த்து. பணம் அனுப்புகிற கம்பெனியில் கம்ப்யூட்டர் பொறியாளர்கள் அத்தனை பேருக்கும் மேலே துணைத் தலைவர் என்றால் சின்ன விஷயமா. உன் விசிட்டிங் கார்டுகளை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன், இதோடு ஆறு. முதல் கார்டில் மென்பொருள் பொறியாளர் என்று இரண்டே சொல், இந்தக் கார்டில் மூன்று வரி, என்ன வேலை என்பது மட்டும் அதில் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நம் தர்வீஷ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மஹ்ரூஸு, உம் பொண்ணு அங்க என்னதான்யா பண்ணுது?" என்று கேட்டான். விளக்க உட்கார்ந்தேன். இங்கே வங்கியில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது கார்டு தேய்க்கிற மெஷினுக்கு நீயே புரோகிராம் எழுதினாய், கண் சிவந்து வீடு வருவாய், கேட்டால் ஒரு புள்ளி விட்டுப்போச்சு பாபா என்பாய். கெய்ரோ போனாய், எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டாய். துபாய் போனாய், எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொண்டாய். இப்போது உனக்குக் கீழே நூற்று நாற்பது பேர், நீ யாரைப் பார்க்கிறாய் என்பது எனக்கே விளங்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, டிராமிலும் இதே கதைதான். டிரைவர் ஓட்டினான், நான் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்டராக டிக்கெட் பார்த்தேன், என்னைப் பார்க்க ஒருவர், அவரைப் பார்க்க ஒருவர், எல்லாருக்கும் மேலே இருந்த பெரியவர் வேலைக்குக் காரில் வந்தார். காலையில் நீங்கள் எல்லாரும் கால்மணி நேரம் நின்றுகொண்டே கூட்டம் போடுவதாகச் சொன்னாயே, அதை உன் அம்மாவிடம் சொன்னபோது, "நீங்களும்தான் முப்பத்தொரு வருஷம் நின்னீங்க, ஒருத்தனாவது அதைக் கூட்டம்னு சொன்னானா" என்றாள்.

போன வருஷம் நீ ஒரு பேட்டி கொடுத்தாயே, என் அப்பா பென்ஷனுக்காக வெயிலில் வரிசையில் நின்றதைப் பார்த்துத்தான் இந்தச் செயலியை உருவாக்க முடிவு செய்தேன், இனி வரிசையே கிடையாது, முதியவர்களுக்கு அவர்கள் கௌரவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று. அந்த வீடியோவை நான் தெரு முழுக்கக் காட்டினேன். உண்மையில் அந்த வரிசையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் கண் ஆபரேஷன் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும், ஆனாலும் மகள் மேடையில் சொன்ன பிறகு நான் வெயிலில் கஷ்டப்பட்டவன்தான். நம் தெருவின் பென்ஷன்காரர்கள் அறுபத்து மூன்று பேரையும் உன் செயலிக்கு மாற்றியவன் நானே. மாதம் ஒன்றாம் தேதி போனை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும், கண் சிமிட்டு என்று சொல்லும், தலையைத் திருப்பு என்று சொல்லும், கடைசியில் சிரி என்று சொல்லும், அப்போதுதான் நாம் உயிரோடு இருக்கிற ஆள், யாரோ தூக்கிப் பிடித்த போட்டோ அல்ல என்று நம்பி பென்ஷனைத் திறந்துவிடும். காப்பிக் கடையில் நான் எல்லாருக்கும் சிரிப்புப் பயிற்சி கொடுத்தேன். தர்வீஷின் பொக்கை வாய்ச் சிரிப்பை அது நாலு தடவை சிரிப்பே இல்லை என்று தள்ளிவிட்டது, பல்செட்டை மாட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டது. "எம் பொஞ்சாதிகூட இம்புட்டு கறாரா இருந்ததில்லடா" என்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு ஸுப்ஹி வாத்தியார் மௌத்தான செய்திக்கு நீ போனில் இரங்கல் சொன்னாய். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது, இன்சாஃப் அம்மாளுக்கு இனி வருவது அவருடைய பென்ஷனில் மனைவிக்கு உள்ள பங்கு மட்டும்தான், அதையும் உன் செயலி வழியாகத்தான் வாங்க வேண்டும். பதினைந்தாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு நானும் உன் அம்மாவும் போனை எடுத்துக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆறேழு பேர் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் மெல்ல குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். இன்சாஃப் அம்மாள் கண் சிமிட்டினார், தலையைத் திருப்பினார். பிறகு உன் செயலி ஒரு பெண் குரலில், சத்தமாக, தயவுசெய்து சிரியுங்கள் என்றது. ஓதுகிற அம்மாள் ஓதுவதை நிறுத்திவிட்டார். அது மறுபடியும், இன்னும் கொஞ்சம் மலர்ந்து சிரியுங்கள் என்றது. மூன்றாம் தடவையும் அது கேட்க, இன்சாஃப் அம்மாள் போனைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு, "மண்ணு காயல, நாப்பது கழியல, அதுக்குள்ள நான் பல்லைக் காட்டணுமா? அவரு காசுக்கு நான் சிரிச்சேன்னு ஊரு பேச வேணாம், நானே பேசுவேன்" என்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "யாரும் பாக்கலம்மா, சும்மா ஒரு செகண்டு" என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அன்றைய நோன்பே முறிந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. படி இறங்கும்போது, "உங்க வாயிலேர்ந்து இது வரும்னு நான் நெனைக்கல, ரிஹாம் அப்பா" என்றாள், அவ்வளவுதான், மூன்று நாள் பேசவில்லை.

உதவி எண்ணுக்குப் பேசினேன். நாற்பது நிமிஷம் பாட்டு. பிறகு வந்த பையன், மூன்று தடவை சிரிக்கத் தவறியதால் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது, அந்த அம்மா சிரிப்பது போல வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றான். அந்தப் பொறியாளர்களுக்கெல்லாம் தலைவி என் மகள்தானப்பா என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க ஹாஜியாரே" என்றான். அப்புறம்தான் உனக்கு எழுதினேன், நீ இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டாய். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சிரித்துவிடுகிறார்கள், உங்கள் கோரிக்கையை வரிசையில் சேர்த்திருக்கிறேன், முன்னால் நானூறு வேலை இருக்கிறது, அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று. படித்தேன் மகளே. நீ ஒழித்ததாகச் சொன்ன வரிசை ஒழியவே இல்லை, ஜாகை மாற்றிக்கொண்டு உன் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது, இங்கேயாவது முன்னால் நிற்கிறவனை அந்த அம்மாளுக்கு வழி விடப்பா என்று சொல்லலாம், அங்கே யாரிடம் சொல்வது. அதைக்கூட விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, ஒரு செகண்டு சிரிச்சா என்ன பாபா, போனுக்குத்தானே என்று, அதுதான் சுட்டது. நான் சொன்ன அதே சொல். உனக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உனக்கு எட்டு வயதில் உன் அம்மாவின் தாயார் இறந்து பத்து நாளில் பெருநாள் வந்தது. துக்க வீடு, நாம் பெருநாள் பலகாரமான கஹ்க் சுடவில்லை. நீ கஹ்க் வேண்டும் என்று அழுதாய், சரி எதிர்வீட்டில் ஒன்று வாங்கித் தரலாம் என்று நான் போனேன். அங்கேயும் அடுப்பில் ஒன்றுமில்லை, மாவும் நெய்யும் சர்க்கரையும் வாங்கியது வாங்கியபடியே மேஜையில் இருந்தது. இன்சாஃப் அம்மாள் சொன்னார், "உங்க வூட்டுல சுடாதப்ப எங்க வூட்டு வாசம் உங்க ஜன்னல்ல வரலாமா". அந்த வீட்டு அம்மாளைத்தான் நாம் இரண்டு பேரும் சும்மா ஒரு செகண்டு சிரிக்கச் சொன்னோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்கும் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இனி உன் ஆபத்துக்கு வருகிறேன். இங்கிலீஷ் மாதம் ஒன்றாம் தேதி நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஸுப்ஹி வாத்தியார் போக மீதி அறுபத்திரண்டு பேரும் கட்டட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரே சமயத்தில் போனைத் தூக்கிக் கண் சிமிட்டினோம், தலையைத் திருப்பினோம், சிரி என்றபோது சிரிக்கவில்லை. அந்த வேளையில் அது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை. தர்வீஷுக்கு மட்டும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது, உடனே பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், இனி அவன் சிரித்தாலும் செல்லாது. மூன்று தடவை, அறுபத்திரண்டு பேர், எல்லாருடைய பென்ஷனும் பூட்டிக்கொண்டது. மேலே பால்கனியிலிருந்து இன்சாஃப் அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன கூத்து இது, பைத்தியம் பிடிச்சிருச்சா எல்லாருக்கும்?" என்றார். கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டார் போலிருக்கிறது, கயிற்றில் கட்டிய கூடை இறங்கி வந்தது, அதில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், ஆளுக்கு மூன்று, எண்ணி வைத்திருந்தார்.

மறுநாள் நான் உன்னைக் கூப்பிட்டபோது மூச்சு வாங்கப் பேசினாய். "பாபா இப்ப முடியாது, பெரிய தாக்குதல் நடக்குது, ஒரு கும்பல் வயசானவங்க போட்டோவைக் காட்டிக் கணக்கைத் திறக்கப் பாக்குது, அறுபத்தி ரெண்டு முகம், ஒண்ணுகூட சிரிக்கல, எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து" என்றாய். எந்த இடம் என்று கேட்டேன். ஒரு அஞ்சல் எண்ணைச் சொன்னாய். ரிஹாம், அது நீ பிறந்த தெரு. உன் நூற்று நாற்பது பேரும் தூங்காமல் தேடிக்கொண்டிருக்கும் கும்பலின் தலைவன் உன் அப்பன். இத்துடன் என் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், டிராம் இலாகா அடையாள அட்டைக்கு எடுத்தது, அதிலும் சிரிக்கவில்லை. உன் மேலதிகாரி கேட்டால் காட்டு.

உன் வேலைக்கு இதனால் கேடு வரக்கூடாது என்று உன் அம்மா தினமும் துஆ கேட்கிறாள், நானும்தான், கல் நெஞ்சம் என்று நினைக்காதே. ஆனால் இன்சாஃப் அம்மாளின் கணக்கு திறக்கும்வரை நாங்கள் யாரும் சிரிப்பதாக இல்லை. நூற்று நாற்பது பேரில் ஒரு சிரிப்பை அழிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூடவா இல்லை? இல்லாவிட்டால் நீயே உட்கார். பத்து வருஷமாகக் கையால் ஒரு வரி எழுதவில்லை என்று போன பெருநாளுக்கு நீதான் ஏக்கமாகச் சொன்னாய். இந்த ஒரு வரியை எழுது. இறந்தவருக்குப் பதிலாகக் கணக்குத் திறக்க வருகிறவளைச் சிரிக்கச் சொல்லாதே, புருஷன் பெயரைச் சொல்லச் சொல். அந்தப் பெயரை இன்சாஃப் அம்மாள் சொல்வது போல எந்தத் திருடனாலும் சொல்ல முடியாது, முப்பத்தொரு வருஷம் முகம் பார்த்தவன் சொல்கிறேன்.

பார்சலில் காய்ந்த முலூக்கியாக் கீரை, துக்கா பொடி, பேரனுக்கு உன் அம்மா பின்னிய சட்டை. கஹ்க் வைக்கவில்லை. இந்தப் பெருநாளுக்கு நம் தெருவில் யாரும் சுடுவதாக இல்லை, ஏன் என்று நீ கேட்க மாட்டாய் என்று நம்புகிறேன். ஷவ்வால் பிறை ஐந்தில் ஸுப்ஹி வாத்தியாருக்கு நாற்பது. முடிந்தால் கறுப்பு உடுத்தி வந்து எதிர்வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார், போனை என்னிடம் கொடுத்துவிடு. அல்லாஹ் உன்னையும் உன் குடும்பத்தையும் காப்பாற்றட்டும், உன் கையில் பரக்கத் தரட்டும். சளிக்கு எலுமிச்சைச் சாறு குடி. விமானச் சீட்டு எடுத்துவிட்டால் அம்மாவிடம் முதலில் சொல், அவள் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள், அதைக் கெடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உயிரோடுதான் இருக்கிறான் என்று உன் செயலி இன்னும் ஒப்புக்கொள்ளாத
உன் அப்பா மஹ்ரூஸ்