மூட்டை மறைத்த விளக்கு

பாஞ்சாலை,

நேற்றுச் சந்தையில் புளி மூட்டையோடு நான் திரும்பும்போது உன் தம்பி தீர்த்தகிரியின் சைக்கிள் என் மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து மோதியதும், "கண்ணு இன்னா பொட்டையா?" என்று எல்லார் எதிரிலும் திட்டினேன். "திரும்புற லைட்டே எரியல மாமா" என்றான். பொய் என்றேன்.

இன்று காலையில் அதே புளி மூட்டையைக் கட்டி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். அழகுக்காகச் சீட்டுக்கு அடியில் நான் மாற்றி வைத்த விளக்கு மூட்டைக்குள் மறைந்து எரிகிறது. மூட்டை கட்டினால் மறையும் என்று, மாற்றிய அன்றைக்கே நீ சொன்னாய். உன்மேல் எரிந்து விழுந்தேன்.

விளக்கைப் பழைய இடத்திலேயே மாட்ட ஒடுகத்தூர் மெக்கானிக்கிடம் போகிறேன். என் பங்குக் களியைத் தம்பி வந்தால் போடு.

சின்னராசு

விளக்கைப் பற்றி அவனிடம் நீ எதுவும் சொல்லாதே. அடுத்த சந்தைக்கு வரச் சொல். திட்டிய இடத்திலேயே நான் சொல்ல வேண்டும்.