மத்தியானத் துணி

மார்ச் 4, செவ்வாய்

வேலையில் சேர்ந்த புதிதில், வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி கேட்டார்: "பாடம் யாருக்கு நடத்துறீங்க, முன் பெஞ்சுக்கா, கடைசி பெஞ்சுக்கா?" "நடு பெஞ்சுக்குங்க சார்" என்றேன். சிரித்துவிட்டார், தப்பித்தேன்.

மின்சார அலுவலகத்தின் அறிவிப்பைப் படித்தபோது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. சூரிய மின்சாரம் ஏராளமாக வருகிறதாம். இனி பகலில் கட்டணம் பாதி, பொழுது சாய்ந்தால் இரண்டு மடங்கு. நல்ல திட்டம். ஓய்வு பெற்றவன், நாள் முழுக்க வீட்டில் இருப்பவன், நான் முன் பெஞ்சு. மனைவி மத்தியானமே வாஷிங் மெஷினை ஓடவிட்டாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாபத்தை ரசித்தேன்.

மார்ச் 13, வியாழன்

சாயங்காலமானால் மாடியில் தொம் தொம் என்று சத்தம். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கும் மேல்வீட்டுப் பெண் கையால் துவைக்கிறாள். இன்று படியில் பார்த்தேன், மணிக்கட்டில் கட்டு.

"மெஷின் ரிப்பேராம்மா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நான் வீட்டுக்கு வர்ற நேரம்தான் சரியில்ல."

கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கை போனால் பாக்கிங் வேலையும் போகும். பழைய மெஷின், நேரம் குறித்து வைத்தால் தானாக ஓடும் வசதியெல்லாம் இல்லை.

"வீட்ல இருக்கிறவங்களுக்குத் தள்ளுபடி, வேலைக்குப் போறவங்களுக்கு அபராதம். நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறிப்போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மார்ச் 14, வெள்ளி

"துணியைப் போட்டுட்டு, சாவியைக் குடுத்துட்டுப் போம்மா. பொத்தானை நான் அமுக்கறேன்" என்றேன்.

"வீடு கெடக்கிற கோலத்துக்கு உங்கள உள்ள விட்டா மானம் போயிடும் சார்."

என் மனைவி குறுக்கே வந்தாள். "கண்ணாடி இல்லாட்டி அவருக்கு ஒண்ணும் தெரியாது. போகும்போது கண்ணாடிய நான் வாங்கி வெச்சுக்கறேன்."

சாவி வந்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

கண்ணாடி இல்லாமல் போனதன் பலன்: தரையில் கிடந்த சிவப்புத் துண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோஸ்.

மார்ச் 18, செவ்வாய்

ரோஸ் சட்டையிலேயே பஸ் ஓட்டியிருக்கிறார். "டிப்போவில 'மாப்பிள்ளை'ன்னுதான் கூப்பிடறாங்க சார்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார். ரெண்டு நாளா அவ வாளியத் தொடல."

மார்ச் 26, புதன்

செய்தி பரவி, எதிர்வீட்டுச் சாவியும் மூன்றாம் மாடிச் சாவிகளும் வந்துவிட்டன. நடந்தால் சலங்கைச் சத்தம்.

"ஊர்த் துணிக்கெல்லாம் ஓடறீங்களே, நம்ம வீட்டு மெஷின்ல சோப்புத்தூள எங்க போடணும்னு தெரியுமா?" என்றாள் மனைவி.

தெரியாது. தெரிந்துகொண்டேன். இடது பக்கம்.

ஏப்ரல் 9, புதன்

மின்சார அலுவலகப் பரிசோதகர் வந்தார். எங்கள் கட்டடத்தில் மத்தியான மின்சாரச் செலவு திடீரென்று ஏறியிருக்கிறதாம். "இங்க சலவைக் கடை நடக்குதா?"

வீட்டு இணைப்பில் தொழில் நடந்தால் மொத்தக் கட்டடத்துக்கும் கடைக் கட்டணமாம். ஐயோ, அந்தப் பொண்ணு மறுபடி வாளி முன்னாடி உக்காரணுமா? நல்லது பண்றேன்னு கிளம்பி இப்படி மாட்டிவிட்டுட்டேனே... கையில் சாவிக் கொத்து, தோளில் யாருடையதோ பாவாடை. இந்தக் கோலத்தில் நான் என்ன சொன்னால் எடுபடும்?

"காசு வாங்கறீங்களா?"

"எதிர்வீட்ல ஒரு சீப்பு வாழைப்பழம் குடுத்தாங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது. "வகுப்பு நடக்கிற நேரத்துல மட்டும் நூலகத்தத் திறந்து வெச்சா, பிள்ளைங்க எப்ப சார் புத்தகம் எடுக்கும்?" என்றேன். அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவரவர் வீட்டில் அவரவர் மெஷின். 'தொழில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கியவர் பாதியில் நின்றார். "இந்தக் கட்டணத்த ஊருக்கெல்லாம் விளக்கறவன் நான்தான். எங்க வீட்ல ராத்திரிதான் சார் மெஷின் ஓடுது. எல்லாரும் வேலைக்குப் போயிடறோம்."

"உங்க கட்டடத்துல பகல்ல யாருமே இல்லையா?"

"கீழ்வீட்டுக்காரர் இருக்கார். பேச்சுவார்த்தை இல்ல. வண்டி நிறுத்தற தகராறு."

ஏப்ரல் 12, சனி

மேல்வீட்டுப் பெண்ணின் மணிக்கட்டில் கட்டு இல்லை. இன்று அவளுக்கு விடுமுறை. வந்து சாவிக் கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "எல்லார் வீட்டு மெஷினையும் நான் பாத்துக்கறேன் சார், நீங்க போய்ப் படுங்க." படுத்தேன். தூக்கம் வரவில்லை. மூன்றாம் மாடி மெஷினின் கதவை முட்டியால் தள்ளினால்தான் மூடும் என்று சொல்ல மறந்துவிட்டேனே.

பரிசோதகர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர்கள் கட்டடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். உதாரணங்களோடு ஒரு பக்கம் எழுதினேன். மனைவி படித்துவிட்டு, ஒரே ஒரு வரியை விட்டு மற்றதெல்லாம் அடித்துவிட்டாள்:

'பகலில் வீட்டில் இருப்பவர், இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நாளைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிப் பாருங்கள்.'