எதிரெதிர் இரண்டு வாசல்

தாமல்,
ஐப்பசி 4

என் காமாட்சியும் உங்கள் கர்த்தரும் துணை.

அன்புள்ள செல்லியம்மாள் அக்காவுக்குத் தங்கை சங்கரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஆவணியிலும் புரட்டாசியிலும் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. மகன் வீட்டு மூன்றாவது மாடியிலிருந்து இறங்கித் தபால் போட உங்களால் எப்படி முடியும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குக் காது கேட்காததால் யேசுதாஸுக்குப் போன் செய்தேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க ஆன்ட்டி, படுத்துக்கினு இருக்காங்க" என்றான். பகல் பதினோரு மணிக்கு நீங்கள் படுத்து நான் பார்த்ததில்லை அக்கா.

இங்கே நல்ல மழை. ஏரி முக்கால் நிறைந்துவிட்டது. அவர் போனபின் ஒரு ஆளுக்கு ரசம் வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. மகன் தினகரன் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போகிறான். நேற்று சாயங்காலம் கடையில் கற்பூரம் கேட்டேன், குரல் வரவில்லை. "சளியாம்மா?" என்றார் கடைக்காரர். சளியெல்லாம் இல்லை. அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். உங்களிடம் கத்திக் கத்திப் பேசிய தொண்டை.

இனி வீட்டு விஷயம். நம் ஊர் வயதானவர்களுக்குப் பஞ்சாயத்தும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து வீடு கட்டுகிறார்கள் என்று எழுதினேன் அல்லவா? ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற காலி மனையில் வேலை தொடங்கிவிட்டது. வரைபடம் போட்ட காயத்ரி என்ற பெண், தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, இது சமையலறை, இது குளியலறை, நடந்து பாருங்கள் என்றாள். கோட்டுக்குள் நடந்தோம், உட்கார்ந்தோம், எழுந்தோம். பரசுராமன் தாத்தா இல்லாத கதவைத் திறந்துகொண்டு போனார். ஒரே சிரிப்பு. உங்களுக்காக நான் நடந்தேன். நீங்கள் என் காதளவு உயரம், வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது என்று சொல்லி, அலமாரியைத் தாழ வைக்கச் சொன்னேன். உட்கார்ந்தே சமைக்கலாம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. போன வருஷம் விழுந்தது போல விழ மாட்டீர்கள். வாசலில் மணி அடித்தால் உங்கள் வீட்டில் விளக்கு மின்னும்.

காலையில் ஒரு கதவு திறக்காவிட்டால் எதிர்வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்று காயத்ரி வாசல்களை எதிரெதிரே வைத்திருந்தாள். வாசலுக்கு வாசல் பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எல்லாரும் மறுத்ததால் மாற்றிவிட்டாள். நம் இருவருக்கு மட்டும் எதிரெதிரே இருக்கட்டும் என்றேன். மேலத்தெரு ராமராஜன் குறுக்கே வந்தார். "எதிர்வாசல் ஆவாதும்மா. அதுவும், உங்க வீட்டு எதிர்ல..." என்று இழுத்தார். அந்த 'அதுவும்' எனக்குப் புரியாதா? அறிவொளி வகுப்பில் ஒரே பாயில் உட்கார்ந்து நாம் 'அ' எழுதியபோதும் இப்படித்தான் இழுத்தார்கள். "ஏகாம்பரநாதருக்கு நேர் எதிர்லதான் நந்தி காலங்காலமா உக்காந்துக்கினு இருக்குது. ரெண்டு பேருக்கும் என்ன ஆயிடுச்சு?" என்று கேட்டேன். பரசுராமன் தாத்தா, "நந்திக்கு வாஸ்து பார்க்க மறந்துட்டாங்கப்பா!" என்றதும் ராமராஜன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் இருவரும் சம்மதித்தால்தான் முடியும் என்றாள் காயத்ரி. செல்லியம்மா வருகிறார்களா என்று கேட்டாள். வருவதாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். விரத நாளில் சொன்ன பொய். மறுநாளே நம் இரண்டு வாசலுக்கும் எதிரெதிரே கடைக்கால் தோண்டிவிட்டார்கள். தினமும் போய் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஐப்பசி முடிவதற்குள் நீங்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வீடு வேறு ஒருவருக்குப் போய்விடும். யேசுதாஸ் அனுப்பத் தயங்கினால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். காரில் கூட்டிவரத் தினகரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் சொல்கிறேன்.

வர மனமில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பொய் சொன்னதற்குத் திட்டி எழுதுங்கள். கை நடுங்கினால் கோணல்மாணலாக ஒரு வரி போதும், நான் படித்துக்கொள்வேன். யேசுதாஸ் கையெழுத்தில் மட்டும் எனக்குக் கடிதம் வர வேண்டாம் அக்கா.

உங்களை நூறு வயது வைத்திருக்க அம்மனை வேண்டும்,
தங்கை
சங்கரி