இரண்டாம் பாரத்துத் துடைப்பம்

அன்புள்ள மிஸ்,

இன்று காலையில் அம்மா பில்டரைத் தட்டிக் காப்பிச் சக்கையைக் கொட்டப் போனார். "கொட்டாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பில்டரே கை நழுவியது. "ஏன்டி, இதைத் திரும்ப வேற குடிக்கணுமா உனக்கு?" என்றார். ஈரச் சக்கையை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான், சாந்தோம் வீட்டு அடுக்களை மறைந்து பள்ளியின் இரண்டாம் பாரம் வகுப்பறை வந்துவிட்டது. நடுவில் நீங்கள், கையில் துடைப்பத்தோடு.

தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு எங்கிருந்தாலும் வந்துவிடுவீர்கள். வந்தால் எனக்கு நல்லதுதான். இருந்தாலும் ஓய்வெடுங்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தைக் காலி செய்து ஓடியவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பிக்கொண்டிருந்த வருஷம் நீங்கள் வந்தீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. புது மிஸ் அயர்லாந்துக்காரர், ஆனால் ஜப்பானில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், யுத்தத்துக்குப் பயந்து கப்பலேறி வந்தவர் என்று தெரிந்தது. உடனே உங்களை உளவாளி ஆக்கியது நான்தான். உங்கள் கறுப்புக் குடைக்குள் தந்திக் கருவி இருப்பதாகச் சொன்னேன். வகுப்பில் நூர்ஜஹான் அதை நம்பிவிட்டாள். நீங்கள் குடையைச் சாத்தி வைத்த மூலைப் பக்கம் அவள் வாயே திறக்கமாட்டாள்.

மற்றவர்கள் வாய் மூடியதே இல்லை. நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் பதில் சொல்வோம், நாற்பதும் தப்பாக. நீங்களோ கச்சேரி கேட்பவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். ஏன் கோபமே வரவில்லை என்பதை மூன்றாவது வாரம்தான் சொன்னீர்கள்.

ஜப்பானில் உங்கள் முதல் வாரங்களில் ஒரு குழந்தைகூடப் பேசவில்லையாம். பென்சிலைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் வகுப்பு முழுக்கத் தலை குனியுமாம். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவர்களுக்குப் பயம். உங்களைப் பிடிக்கவில்லையோ என்று உங்களுக்குப் பயம். அறைக்குப் போய் அழுதிருக்கிறீர்கள். ஒருநாள் பாடம் முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றபோது, குழந்தைகள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தூசி பறக்காமலிருக்க ஈரத் தேயிலைச் சக்கையைத் தரையில் தூவி, தாங்களே வகுப்பைப் பெருக்கினார்கள். அங்கே அதுதான் வழக்கம். ஒரு சின்னப் பெண் உங்கள் முன்னால் வந்து, இடுப்பை மடித்து வணங்கி, ஒரு துடைப்பத்தை நீட்டினாள். பக்கத்தில் நின்று பெருக்கும்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது. "டஸ்ட், டீச்சர்" என்றாள்.

"தூசிதான் எங்கள் முதல் பாடம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "நாமும் பெருக்கலாமா?" என்று கேட்டுவிட்டீர்கள்.

"எங்காத்துல தெரிஞ்சா அவ்ளோதான்டி" என்று கமலா என் காதைக் கடித்தாள். "அப்பா வந்து ஸ்கூலையே பெருக்கித் தள்ளிடுவார்."

மறுநாள் தேயிலைச் சக்கை கொண்டுவரச் சொன்னீர்கள். மயிலாப்பூரில் தேயிலைக்கு எங்கே போக? நூர்ஜஹான் வீட்டில் மட்டும் கிடைத்தது. மற்ற முப்பத்தொன்பது பேரும் காப்பிச் சக்கையோடு வந்தோம். பரீட்சையில் காப்பி அடித்தால் முட்டி போட வைக்கிற பள்ளிக்கூடத்தில் தரைக்கே காப்பி கொடுத்தது நம் வகுப்பு ஒன்றுதான். கால்மணி நேரத்தில் தரை பழுப்பு, பாவாடை பழுப்பு, உங்கள் வெள்ளை கவுனும் பழுப்பு. "ஸ்ட்ராங்கா ஒரு கப்!" என்று நான் காப்பி கிளப் குரலில் கத்தினேன்.

அப்போதுதான் பள்ளியைப் பெருக்குகிற முனியம்மா உள்ளே வந்தாள். நாற்பது துடைப்பங்களையும் பார்த்தாள்.

"இன்னாம்மே இது கூத்து? நீங்கோ பெருக்கினா நான் இன்னா பண்றது? நாளைக்கு மதரு என்னிய வூட்டுக்குப் போன்னுடும். ரெண்டு புள்ளைங்க கீது எனுக்கு. மிஸ்ஸியாண்ட சொல்லு, செசிலி பாப்பா!"

உங்களுக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தீர்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "முதுகுவலி தீர்ந்தது, இனி ஓய்வெடுப்பேன், உங்களுக்குக் கோடி நன்றி என்கிறாள்."

வகுப்பு சிரிக்கும் என்றுதான் அப்படிச் சொன்னேன். சிரித்தது. நீங்கள் முகமெல்லாம் மலர முனியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினீர்கள். வெள்ளைக்காரர்கள் வேலையிலிருந்து அனுப்பும்போதுதான் கை குலுக்குவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "நன்றாக ஓய்வெடுக்கட்டும்" என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாகப் பள்ளித் தலைவி மதர் வராந்தாவில் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டில் அதை யாரும் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை உங்கள் மேஜை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்குத் தயாராகக் கையையும் நீட்டினேன். நீங்கள் கையைப் பார்க்கவேயில்லை. "அவள் சொன்னது என்ன? ஒரு சொல் விடாமல்" என்றீர்கள். இரண்டு பிள்ளைகள் என்ற இடம் வந்தபோது நீட்டிய கையை இறக்கிவிட்டேன். நீங்கள் எழுந்து குடையை எடுத்தீர்கள்.

கடற்கரைக் குப்பத்தில் நாம் நடக்க, பாதிக் குப்பம் பின்னால் வந்தது. முனியம்மா குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நீங்கள் காலணியைக் கழற்றிவிட்டு, அந்த ஜப்பான் பெண்ணைப் போல இடுப்பை மடித்து, மணலைப் பார்த்துக் குனிந்தீர்கள். நிமிரவே இல்லை.

"இன்னா தேடுது மிஸ்ஸி? கம்மல் வுயிந்துடுச்சா?" என்று முனியம்மாவும் மணலைத் துழாவ ஆரம்பித்தாள். கூட வந்த வாண்டுகளும் துழாவின. சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் எடுத்தது.

தேடுவது மன்னிப்பு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கூடவே என் திருட்டுத்தனத்தையும். முனியம்மா முதலில் என்னைத் திட்டினாள். அதை மொழிபெயர்க்க நேரமில்லை. பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "அத்தினி படிச்ச மிஸ்ஸி, என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்க வாணாமா?" என்றாள்.

நான் தயங்கினேன். நீங்கள் விடவில்லை. சொன்னேன்.

"அவள் சொல்வது சரி" என்றீர்கள். அதையும் சொன்னேன்.

முனியம்மா மீன் செதிலைக் கையிலிருந்து தட்டிவிட்டாள். "அது சரி, இதுங்களுக்குப் பெருக்கத் தெரியுமா?"

சனிக்கிழமை காலையில் முனியம்மாவை மதரிடம் நீங்களே அழைத்துப் போனீர்கள். வேலை அவளுடையதுதான் என்று மதர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் வெளியே வந்தீர்கள். திங்கள் முதல் கடைசிக் கால்மணி நேரம் இரண்டாம் பாரத்தில் முனியம்மா பீரியட். கை கட்டிக்கொண்டு நின்று, "மூலைய வுட்டுட்டியே கமலா பாப்பா, உங்க நைனாவா வந்து பெருக்குவாரு?" என்பாள். உங்களையும் விட்டுவைக்கவில்லை. நம் ஊர்த் துடைப்பத்துக்குக் குனிய வேண்டும், நீங்கள் கொடிமரம் போல நின்றுகொண்டே பெருக்குவீர்கள். அவளிடமே தமிழ் கற்றுக்கொண்டு, மதரிடம் போய் "இன்னா சமாச்சாரம்?" என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இப்போது நான் இன்டர்மீடியட் படிக்கிறேன். தெருவில் யாருக்கு இங்கிலீஷ் கடுதாசி வந்தாலும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். படித்துச் சொல்லும்போது நாக்கு துடிக்கும், ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று. சேர்ப்பதில்லை. மற்றக் குறும்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, கவலைப்படாதீர்கள்.

நேற்று உங்கள் முப்பதாம் நாள் பூசை. முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்பே முனியம்மா வந்து, உங்களைச் சுற்றி விழுந்த சருகையெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு எழுதப் போகிறேன் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"எய்தறியா? அப்ப நான் சொல்றதையும் எய்து. மிஸ்ஸி, இங்க நான் பாத்துக்கறேன், நீ பாட்டுக்குத் தூங்கு. எயுந்து வந்து பெருக்கறேன்னு மட்டும் நிக்காத. மூலையில குப்ப அப்டியே கெடக்கும். கடேசி வரிக்கும் நீ தேறவே இல்ல."

அவ்வளவுதான், மிஸ். ஒரு சொல் விடவில்லை. அழுதாளா என்று கேட்பீர்கள். அதை எழுதாதே என்று சொல்லியிருக்கிறாள்.

உங்கள்
செசிலி