துவைக்காத சட்டை

மார்ச் 3, திங்கள்

சில்லுவுக்கு இன்றும் வயிற்றுவலி. மூன்று வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழவி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டைக் கண்டால் ஓட்டம். போன மாதம் பேசியதைவிட இப்போது குறைவாகப் பேசுகிறாளோ? எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ? டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், எடுத்தாயிற்று.

ஊசி குத்தியதற்கு ஊரைக் கூட்டினாள். கடைசியில் அவள் அப்பா சட்டையைக் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தாள். அவர் மதியம் பட்டறைக்குக் கிளம்பினால் இவள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவார். அதனால் முந்தின நாள் அவர் கழற்றிப் போட்ட சட்டைதான் இவளுக்கு அப்பா. காலரை வாயில் வைத்துக்கொண்டால் இரண்டே நிமிடத்தில் தூக்கம். துவைத்த சட்டையென்றால் தூக்கி எறிந்துவிடுவாள், அதில் அப்பா வாசனை இல்லையாம். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவள் நான்.

மார்ச் 7, வெள்ளி

ஈயம்.

பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். இருபத்தொன்று என்று தாளில் போட்டிருக்கிறது. "எவ்வளவு இருக்கலாம்?" என்று கேட்டேன். இருக்கவே கூடாது என்றார் டாக்டர்.

"மூளை வளர்ற வயசும்மா இது. இந்த அளவுக்கு மருந்து வேண்டாம். ஆனா எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும். அதுதான் வைத்தியம்."

பழைய பெயிண்ட், பொம்மை, பாத்திரம், குழாய், கண் மை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பாவுக்கு என்ன வேலை என்றும் கேட்டார். வண்டி மெக்கானிக் என்றேன். எழுதிக்கொண்டார்.

என் வீட்டிலா? ஒரு நாளைக்கு இரண்டு முறை தரை துடைக்கிற என் வீட்டிலா? எங்களோடு இருக்கிற நாத்தனார் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே சோப்பு மகாராணி. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். ஏன் நின்றேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "ஈயமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஃபோனை வைத்துவிட்டார்.

மார்ச் 8, சனி

வெளியே போனவை: கொசுவர்த்தி, அறைக்கு அடிக்கிற வாசனை ஸ்பிரே, அலமாரியின் பாச்சை உருண்டைகள், உள்பூச்சு உரிந்த வாணலி, பெயிண்ட் உதிர்ந்த மரக் குதிரை, மூலையில் இருந்த பூச்சி மருந்து. ஈயத்துக்கும் கொசுவர்த்திக்கும் என்ன சம்பந்தம் என்று நாத்தனார் கேட்டாள். எது விஷம் என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் போகட்டும்.

குதிரைக்காகச் சில்லு அழுதாள். சட்டையைக் கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவருக்கு இன்று விடுமுறை. மூன்று முறை சோப்புப் போட்டு, நகக்கண்ணைப் பழைய பிரஷால் தேய்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினார். என்ன பொறுப்பு! எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 12, புதன்

நேற்று ராத்திரி பார்த்தேன், நாத்தனாரின் கைப்பையில் கண் மை. சில்லுவுக்கும் இரண்டு முறை வைத்துவிட்டிருக்கிறாள். நான் கேட்ட கேள்வி நாக்கில் நரம்புள்ளவள் கேட்கிற கேள்வி இல்லை.

"அவளுக்கு நான் விஷம் வைப்பேனா அண்ணி?" என்றாள். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. காலையில் தையல் கடைக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மையைக் குப்பையில் போட்டுவிட்டேன். எதிரி அகப்பட்டுவிட்டான் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

மார்ச் 13, வியாழன்

ஜன்னல் பெயிண்டைச் சுரண்டக் கூடாதாம், தூசி கிளம்புமாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்டுத்தாள் ஒட்டினேன்.

மார்ச் 24, திங்கள்

எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். இருபத்துநாலு. ஏறியிருக்கிறது. வீட்டில் பாதியைத் தூக்கிப் போட்ட பிறகும் ஏறியிருக்கிறது.

டாக்டர் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். சில்லு சிணுங்கினாள். பையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தேன், காலரைச் சப்ப ஆரம்பித்தாள். டாக்டர் தலையை நிமிர்த்தி, அது என்ன என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரித்துக்கொண்டே! அவ அப்பா சட்டை டாக்டர், இது இல்லாம தூங்க மாட்டா, வாசனை போயிடும்னு துவைக்கவே மாட்டேன்.

வண்டியில் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று டாக்டர் கேட்டார். ரேடியேட்டர் ஓட்டை அடைப்பார் என்றேன். எதை வைத்து என்று கேட்டார். ஏதோ வெள்ளைக் கம்பி, உருக்கி ஊற்றுவார் என்றேன். உடனே அவருக்கு ஃபோன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"ஈயக் கம்பிதான் டாக்டர். பாதி ஈயம், பாதி வெள்ளீயம்."

பிள்ளை வாயிலிருந்து சட்டையைப் பிடுங்கினேன். அவள் வீரிட்டாள். டாக்டர் உறை மாட்டிய கையால் அதை வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டினார். பொணத்தைக் கட்ற மாதிரி கட்டினார். நாந்தானே குடுத்தேன்? தினமும் மடிச்சு, நெஞ்சுமேல வச்சு, தட்டித் தூங்க வச்சேனே. ஒரு வருஷமா. என் கையால.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் கேட்டுவிட்டேன். ஈயம் என்று நான் சொன்ன அன்றே உங்களுக்குத் தெரியும், ஏன் வாயைத் திறக்கவில்லை?

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையிலதானே ஒட்டும்னு நினைச்சேன். அதான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன். சொன்னா வேலைய விடச் சொல்லுவ. சட்டை... நீ துவைச்சதத்தான் குடுக்குறேன்னு நினைச்சேன். நீ துவைக்காம ஒரு துணி இந்த வீட்ல இருக்கும்னு எவன் நினைப்பான்?"

அவருக்கு ஈயம் தெரியும், சட்டை தெரியாது. எனக்குச் சட்டை தெரியும், ஈயம் தெரியாது. ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேர். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் இரண்டு பக்க வேலியும் சேர்ந்து.

நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அண்ணி என்றாள். பரவாயில்லாத குரலாக இல்லை அது.

மார்ச் 28, வெள்ளி

அவர் ரத்தத்தில் நாற்பத்தெட்டு. "பாஸ் மார்க் வாங்கிட்டேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பட்டறைக்கு நானே போனேன். அங்கே ஒரே ஒரு குழாய், அதுவும் திறந்தவெளியில். குளிக்க மறைப்புக் கட்டித்தரச் சொல்லிக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் இங்கே யாருக்கு என்ன ஆகிவிட்டது என்றார் முதலாளி. பிள்ளையின் இரண்டு தாளையும் அவர் மேசைமேல் விரித்தேன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கைக்குழந்தை இருக்கிறதாம். அந்த ஆள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் முதலாளி இறங்கிவந்தார்.

மறைப்பு வரும்வரை சில்லு அப்பா எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து, சட்டையைத் தனி வாளியில் போட்டு, தலைமுழுகிவிட்டு உள்ளே வர வேண்டும். செருப்பு பட்டறையிலேயே கிடக்கட்டும். வேலையைக் காலை ஷிப்டுக்கும் மாற்றிக்கொண்டுவிட்டார். பின்வாசலில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் சில்லு.

ஏப்ரல் 4, வெள்ளி

சட்டை போனதிலிருந்து மதியத் தூக்கம் கிடையாது. "அப்பா வேணும், அப்பா வேணும்" என்று சட்டையைத்தான் கேட்கிறாள். சாயங்காலம் நிஜ அப்பா வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கிட்டே வராதே, வராதே என்கிறார். இவள் ஏன் என்று கேட்கிறாள். நான் உள்ளே போய்த் தரை துடைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

மெத்தையும் தலையணையும் மாற்றியாயிற்று. இன்று தானாகவே தூங்கினாள், வாயில் விரலை வைத்துக்கொண்டு. விரலைக் கழுவிவிட்டிருந்தேன்.

மே 15, வியாழன்

பட்டறையில் மறைப்புக் கட்டிவிட்டார்கள். அங்கே வேலை செய்கிற நால்வரும் குளித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்களாம். சில்லுவுக்கு இன்னும் சந்தேகம். அப்பா வந்ததும் தலையைத் தொட்டுப் பார்க்கிறாள். ஈரமாக இருந்தால்தான் இடுப்பில் ஏறுகிறாள்.

ஜூன் 28, சனி

பதினைந்து. இன்னும் இறங்க வேண்டும், ஆனால் இறங்குகிறது என்றார் டாக்டர். பேச்சில் விட்டதை எல்லாம் பிடித்துவிடுவாளா என்று கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பதிலோடு வாழ வேண்டியதுதான்.

ஜூன் 29, ஞாயிறு

விடுமுறை. அவர் எழுந்து பல் தேய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் சில்லுவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். வா என்று அவர் கையை நீட்டினார். இவள் ஓடினாள். பாதியில் நின்றாள். கிட்டே போய் எட்டி அவர் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

இன்றைக்கு வேலை இல்லைடி, அப்பா சுத்தமாகத்தான் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். எழுந்து குளியலறைக்குப் போனார். ஒரு குவளைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, துவட்டாமல், சொட்டச் சொட்ட வந்து அவள் முன்னால் குனிந்தார்.